முதல் சுற்று மரியாதை

மூன்று வாரத்தில் ஏனோக் டாபின் ஒரே பேச்சைப் பதினெட்டுப் பேரிடம் பேசி முடித்திருந்தான். ஒவ்வொருவரிடமும் தனியாக. ஒருவரிடம் விடுதியின் சாப்பாட்டு மேசையில், ஒருவரிடம் நாவிதர் கடையில், இன்னொருவரிடம் சட்டமன்றப் படிக்கட்டில் பனிச்சேற்றைப் பூட்ஸிலிருந்து உதறிக்கொண்டே.

"கர்னல் லைலுக்கு இதுதான் கடைசிக் கூட்டத்தொடர். எழுபத்திமூணு வயசாச்சு. நம்ம சுதந்திரத்துக்காகத் துப்பாக்கி தூக்கினவர். முதல் சுற்றுல அவர் பேரை ஒருவாட்டி சொல்லிடுங்களேன். மண்டபத்துல தன் பேரைக் காதால கேட்டுட்டு வீட்டுக்குப் போகட்டும். நாம நாலஞ்சு பேர்தான். வெளியே விட்டுடாதீங்க, தெரிஞ்சா மனுஷன் கூச்சப்படுவார்."

யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? வாஷிங்டனுக்குப் போகும் செனட்டரை மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. இரண்டு அவைகளும் ஒரே மண்டபத்தில் கூடும். எழுத்தர் பெயரைக் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து தன் ஆளின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் அடுத்த சுற்று. முதல் சுற்றில் முடிவு வந்ததாக அந்த மாநிலத்தில் யாருக்கும் நினைவில்லை. அதனால் முதல் சுற்று என்பது மரியாதை செய்வதற்கானது: சொந்த மாவட்டத்து முதியவருக்கு, நோயில் படுத்த நண்பனுக்கு, சில சமயம் மாமனாருக்குக்கூட. இரண்டாம் சுற்றில் அவரவர் உண்மையான ஆளுக்குத் திரும்பிவிடுவார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்பவன் நாகரிகம் தெரியாதவன்.

அந்தப் பதினெட்டுப் பேரும் வார்னர் பெல்ஃபீல்டின் ஆட்கள். டாபினும் பெல்ஃபீல்டின் ஆள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கூட்டத்தொடர் தொடங்கிய அன்றே போய், தொப்பியைக் கழற்றி, தன் வாக்கு அவனுக்கே என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பெல்ஃபீல்ட் அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான். கை சூடாக இருந்தது. டாபின் அன்று விடுதிக்குத் திரும்பி, சட்டியில் தண்ணீர் ஊற்றி, வெகுநேரம் கை கழுவினான்.

பதினான்கு வருடங்களுக்கு முன் இதே பெல்ஃபீல்ட் கரடி ஓடைப் பக்கம் குதிரையில் வந்தான். அப்போது அவன் இளம் வக்கீல். டாபினின் அப்பா ஒன்பது வருடம் காடு வெட்டி, வேர் பிடுங்கி, இருநூறு ஏக்கரைச் சோளக் கொல்லையாக்கி வைத்திருந்தார். வழிப்போக்கன் என்று உட்காரவைத்து அம்மா பன்றி இறைச்சியும் சோள ரொட்டியும் போட்டாள். சாப்பிட்டுவிட்டு, "நிலம் எதுவரைக்கும்ங்க?" என்று கேட்டான். கேட்டதே அப்பாவுக்குப் பெருமை. கூடவே நடந்து, கோடரியால் குறி வெட்டிய எல்லை மரம் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். மேற்கே பிளவுபட்ட ஓக் மரம், ஓடைக்கரையில் இரண்டு சர்க்கரை மேப்பிள், வடக்கே இடி விழுந்த வால்நட். பெல்ஃபீல்டின் சட்டைப்பைக்குள் இருபது வருடப் பழைய அளவைப் பத்திரம் ஒன்று இருந்தது. யாரோ காட்டுக்கே வராமல் பதிவு செய்து வைத்தது. அது எந்த நிலத்தின் மேல் விழுகிறது என்று அவனுக்குத் தெரியாமல் இருந்தது. அன்று தெரிந்தது.

பழைய பத்திரம்தான் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட, மறு பிப்ரவரியில் வீட்டைக் காலிசெய்ய ஷெரிஃப் வந்தார். அம்மாவுக்கு மார்சளிக் காய்ச்சல். ஒரு வாரம் தவணை கேட்டு அப்பா பெல்ஃபீல்டின் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவைத் திறந்த பெல்ஃபீல்ட், நீதிமன்றம் குறித்த தேதியை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினான். வண்டியில் மேற்கே போகும் வழியில் மூன்றாம் நாள், யாருடைய வைக்கோல் கொட்டகையிலோ அம்மா இறந்தாள். தரை உறைந்திருந்ததால் குழியை ஆழமாக வெட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு அப்பா ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடத்தில் அவர் பேசிய வார்த்தைகளை டாபின் எண்ணிவிடுவான். எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள், விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். டாபின் கையில் கிடைத்த சட்டப் புத்தகத்தையெல்லாம் அந்த மௌனத்தில்தான் படித்தான். அப்பாவும் போன பிறகு தேர்தலில் நின்றான். சாலை போடுவேன், பாலம் கட்டுவேன் என்றெல்லாம் சொன்னான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: பெல்ஃபீல்ட் எதற்காவது மனதார ஆசைப்படும் நாளில், அதே கூரையின் கீழ் தனக்கும் ஓர் இருக்கை.

செனட்டர் இறந்து, இருக்கை இலையுதிர்காலத்தில் காலியானது. பெல்ஃபீல்ட் ஆசைப்பட்டான்.

*

அன்று காலை மண்டபத்தில் இரண்டு கணப்புகள் எரிந்தும் பேச்சு புகையாகத்தான் வந்தது. எண்பத்தோரு பேர். நாற்பத்தொன்று வேண்டும். பெல்ஃபீல்டிடம் ஐம்பது பேர் என்று அவனுக்காகத் தலை எண்ணும் உறுப்பினர் பர்ச் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே நிற்கும் நீதிபதி ஸ்லோனுக்கு முப்பத்தொன்று. பெல்ஃபீல்ட் உறுப்பினன் இல்லை. பார்வையாளர்களுக்கான மரத்தடுப்புக்குப் பின்னால், புது நீலக் கோட்டில், மனைவியோடு நின்றிருந்தான்.

பழைய மாவட்டங்களை முதலில் கூப்பிடுவார்கள், பிரிந்து உண்டான புது மாவட்டங்களைப் பிறகு. பழைய மாவட்டங்கள் பெல்ஃபீல்டின் கோட்டை. மேற்கே, கடைசியில் வருபவை ஸ்லோனுடையவை. மூன்று வாரமாக டாபின் தூங்காமல் யோசித்தது இந்த வரிசையைத்தான்.

ஐந்தாவது பெயரில் முதல் மரியாதை வந்தது. "கர்னல் லைல்!" மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு, மேசைகளில் தட்டல். மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் காதில் கை வைத்து, பக்கத்து ஆளிடம், "என்னப்பா, என் பேரா சொன்னான்?" என்று கேட்டார்.

"உங்க பேர்தான் கர்னல். சந்தோஷமா உட்காருங்க."

எட்டாவது பெயர், லைல். பதினொன்று, லைல். தட்டல் தொடர்ந்தது. தன் முறை வந்தபோது கர்னல் எழுந்து, கட்சி ஒழுங்கு தவறாமல், "பெல்ஃபீல்ட்" என்றார். அதற்கும் தட்டினார்கள். பதினைந்தைத் தாண்டியபோது பர்ச்சின் தலை திரும்பிற்று. அவன் விரல்களை மடக்கி மடக்கி எண்ணுவது டாபின் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது.

ஐம்பது பேர் முடிந்தபோது பெல்ஃபீல்டுக்கு இருபத்தைந்து, லைலுக்குப் பதினெட்டு, ஸ்லோனுக்கு ஏழு. புது மாவட்டங்கள் தொடங்கின. முதல் இருவர் ஸ்லோன் என்றார்கள். இந்த இடத்துக்கு மேல் டாபின் யாரிடமும் பேசி வைக்கவில்லை. பேசத் தேவையில்லை என்று நம்பினான். தன் ஆள் ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்த ஸ்லோன் ஆட்களுக்கு எதிரியைச் சாய்க்க ஒரு கல் கையருகே கிடந்தால், அதைக் காட்டிக்கொடுக்க யாரும் வேண்டியதில்லை.

பின்வரிசையில் ஸ்லோனின் ஆட்களுக்குத் தலைவன் எழுந்து நின்றான். கிழவரின் முதுகைப் பார்த்துக் கட்டைவிரலை நீட்டினான்.

"லைல்."

"லைல்."

"கர்னல் லைல்!"

இப்போது யாரும் தட்டவில்லை. பர்ச் பெஞ்சுகளுக்கிடையே குனிந்து ஓடினான். முப்பது. முப்பத்தைந்து. டாபினின் பெயர் கடைசிக்கு முந்தையது. அதற்குள் லைலுக்கு நாற்பது ஆகியிருந்தது. கடைசிப் பெயர்க்காரன் பெல்ஃபீல்டின் மச்சான்.

"ஏனோக் டாபின்."

எழுந்தான். பர்ச் அவனைப் பார்த்து, நல்லவேளை என்பதுபோல் தலையசைத்தான். டாபின் தடுப்புக்குப் பின்னால் இருந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கர்னல் லைல்."

*

எழுத்தர்கள் இரண்டாம் முறை கூட்டிப் பார்த்தார்கள். அவைத்தலைவர் முடிவை அறிவிக்கும்வரை எந்த உறுப்பினரும் எழுந்து வாக்கை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் மாற்றினால் போதும், இரண்டாம் சுற்று வரும், பெல்ஃபீல்ட் ஜெயிப்பான். ஆனால் அதையும் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும்: கர்னல் லைலுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று, மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கும் மனிதரின் காதில் விழும்படி.

"எழுந்திருய்யா," என்று பர்ச் ஒருவனின் தோளைப் பிடித்து உலுக்கினான். "நீதானே முதல்ல லைல்னு சொன்னவன்?"

"எப்படிய்யா எழுந்திருப்பேன்? எங்கப்பனைக் குண்டு பாஞ்ச காலோட எட்டு மைல் சுமந்து வந்தவர்யா அவர். நீ வேற ஆளைப் பாரு."

"நீ?"

"அவர் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் ஊருக்குத் திரும்ப வேணாமா?"

பர்ச் டாபினிடம் வந்தான். வியர்த்திருந்தான். "உனக்கு அவர் சொந்தமா பந்தமா? மேற்கேயிருந்து வந்தவன் நீ. கொஞ்சம் இப்படி வா. ஐயா கூப்பிடறார்."

தடுப்பின் அந்தப் பக்கம் பெல்ஃபீல்ட் நின்றான். புன்னகை இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க அவன் பாடுபடுவது தெரிந்தது.

"டாபின், நல்ல மனசுல செஞ்சீங்க, எனக்குத் தெரியும். கிழவருக்கு மரியாதை நடந்தாச்சு. இப்போ எழுந்து திருத்திடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"மாட்டேன்."

"புரியலையே."

"கரடி ஓடை. பிளந்த ஓக் மரம். எங்கம்மா உனக்குச் சோறு போட்டா."

பெல்ஃபீல்ட் திடுக்கிடவில்லை. அதுதான் டாபினை வதைத்தது. மறந்து போயிருந்தால்கூட ஒருவகையில் மன்னித்திருக்கலாம்.

"தெரியுமே," என்றான் பெல்ஃபீல்ட் மெதுவாக. "முதல் நாளே தெரியும். நீங்க வந்து கை கொடுத்தப்போ வீட்ல சொன்னேன், இவன் பெரிய மனசுக்காரன், பழசையெல்லாம் மறந்துட்டான்னு. அன்னிக்கு நான் செஞ்சது சட்டத்துக்கு விரோதமில்ல, டாபின்."

"இன்னிக்கு நான் செஞ்சதும்தான்."

பெல்ஃபீல்ட் தடுப்பின் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். "அந்த இருநூறு ஏக்கர். நாளைக்கே எழுதித் தரேன். உங்கப்பா கட்டின வீடு அப்படியே இருக்கு."

அந்தக் கொல்லையில் இப்போது பெல்ஃபீல்டின் அடிமைகள் சணல் வெட்டினார்கள். போன வருடம் டாபின் சாலையில் நின்று பார்த்திருந்தான். வீடு இருந்தது, புகைபோக்கி இருந்தது. நடுவில் ஒரு கணம் அதை வாங்கிக்கொள்ளும் ஆசை வந்தது. உடனே, இந்த மனிதன் கையால் ஒன்றைப் பெற்றுக்கொண்டு நன்றி என்று சொல்லும் தன் குரலையும் கேட்டான்.

"எங்கம்மா அங்க உசுரோட இருந்தா வாங்கிப்பேன்," என்றான். "உனக்கு எது வேணும்னு பதினாலு வருஷம் காத்திருந்து தெரிஞ்சுக்கிட்டேன். அது உனக்குக் கிடைக்காது."

பெல்ஃபீல்டின் மனைவி கணவனின் கையைப் பிடித்தாள். பெல்ஃபீல்டின் புன்னகை போய்விட்டிருந்தது. "அயோக்கியப் பயலே," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. டாபின் தன் இருக்கைக்குத் திரும்பி நடந்தான்.

அவைத்தலைவர் எழுந்தார். "யாராவது வாக்கை மாத்திக்க விரும்பறீங்களா?"

அப்போது கர்னல் லைல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குக் காதுதான் மந்தம், அறிவு இல்ல," என்றார். "நீங்க என்ன செஞ்சீங்கன்னு புரியுது. அன்பாச் செஞ்சீங்க, கணக்குத் தப்பிப்போச்சு. எங்கிட்ட கூச்சப்படாதீங்கப்பா. யாராவது ஒருத்தர் எழுந்திருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அதைச் சொன்னதால்தான் யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. பதினெட்டுப் பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தார். பார்வை டாபினிடம் வந்து நின்றது. தலைநகரில் படுக்கைகள் குறைவு. மூன்று வாரமாக இருவரும் ஒரே கட்டிலைப் பகிர்ந்தவர்கள். கர்னலின் மனைவி கெசியா இரண்டு வருடமாக எழுந்து நடக்காதவள் என்பதும், அவர் ஊட்டினால் மட்டுமே வயிறாரச் சாப்பிடுவாள், மற்றவர்களிடம் ஒன்றிரண்டு வாயோடு நிறுத்திவிடுவாள் என்பதும், இந்த மூன்று வாரப் பிரிவே அவரைத் தின்கிறது என்பதும் அந்த மண்டபத்தில் டாபினுக்கு மட்டும் முழுமையாகத் தெரியும். தெரிந்துதான் அவரைத் தேர்ந்தெடுத்தான். அவரைத் தவிர வேறு யாருடைய பெயரைச் சொல்லியிருந்தாலும் இவர்கள் வெட்கமில்லாமல் எழுந்து மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

டாபின் கண்ணை விலக்கவும் இல்லை, எழவும் இல்லை.

சுத்தியல் விழுந்தது.

*

மறுநாள் பத்து மணிக்குள் கர்னல் சம்மதத்தையோ மறுப்பையோ அவையில் சொல்ல வேண்டும். மறுத்தால் மீண்டும் வாக்கெடுப்பு. அதில் பெல்ஃபீல்டைத் தடுக்க எதுவும் இல்லை.

விடிந்ததும் டாபின் அவரைத் தேடி விடுதியின் லாயத்துக்குப் போனான். இரவு கட்டிலில் ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இப்போது தன் பெட்டைக் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டாபின் தூணில் சாய்ந்து நின்றான். தூரிகை குதிரையின் முதுகில் போய்வரும் சத்தம். எவ்வளவு நேரம் அப்படிக் கழிந்தது என்று தெரியவில்லை. இவன் அதற்குப் பழகியவன்.

"பர்ச் வந்தான்," என்றார் கர்னல் கடைசியில். "பதினெட்டுப் பேரையும் விசாரிச்சிருக்கான். எல்லாரும் உன் பேரைத்தான் சொன்னாங்களாம்."

"ஆமாம் கர்னல்."

"எதுக்குடா?"

டாபின் சொன்னான். ஓக் மரம், பிப்ரவரி, வைக்கோல் கொட்டகை, ஆழமில்லாத குழி. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லி முடிக்க ஆன நேரம் மிகக் குறைவு என்பது அவனுக்கே வியப்பாக இருந்தது.

கர்னல் தூரிகையைக் கீழே வைத்தார். "கெட்ட காரியம்," என்றார். "என் எல்லைக்குள்ள நடந்திருந்தா அவனைக் குதிரைச் சாட்டையால அடிச்சிருப்பேன். ஆனா நீ என்னை ஏன்டா சாட்டையா எடுத்தே?"

டாபின் தூணிலிருந்து விலகி நேராக நின்றான்.

"வாஷிங்டனுக்குப் போகவே மூணு வாரம். மலைப்பாதை பூரா பனி. உடனே கிளம்பணும், மார்ச் மாசம் வரைக்கும் திரும்ப முடியாது. கெசியா அதுவரைக்கும் இருக்க மாட்டா. அண்டை வீட்டுக்காரி கஞ்சி வெச்சா ரெண்டு வாய்க்கு மேல வாயைத் திறக்க மாட்டா அவ. இது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் இன்னிக்கு வேண்டாம்னு சொன்னா, அந்தப் பய போவான்."

"ஆமாம்."

"சரி." கிழவர் அவன் எதிரே வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. டாபின் கோபத்துக்குத் தயாராக வந்திருந்தான். "மண்டபத்துல எல்லாரும் என்னைப் போன்னு சொன்னீங்க, ஒருத்தனும் மனசறிஞ்சு சொல்லல. நீ ஒருத்தன்தான் தெரிஞ்சு சொன்னவன். அதனால உன்கிட்டயே கேக்கறேன். இப்போ, என் முகத்தைப் பார்த்து, என் பொண்டாட்டியை விட்டுட்டுப் போன்னு நீ சொன்னா நான் போறேன். இல்ல, வேண்டாம்னு சொன்னா இந்தக் குதிரை மத்தியானத்துக்குள்ள ஊர்ப்பாதையில இருக்கும். உன் பகையை உன் வாயால சொல்லு. இன்னொருத்தன் மரியாதைக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதே."

குதிரை காலை மாற்றி வைத்தது. டாபின் அம்மாவை நினைக்க முயன்றான். முகம் வரவில்லை. வண்டிப் பலகையில் கிடந்த முகம் தெரியாத ஒரு பெண் வந்தாள். அவள் அம்மாவா, இதுவரை பார்த்திராத கெசியாவா என்று பிரிக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு எளிது என்று பார்த்தான். சொன்னால் இந்தக் கிழவர் அவன் தோளில் கை வைப்பார். பத்து மணிக்கு அந்த நீலக் கோட்டு மறுபடி தடுப்பின் பின்னால் நிற்கும். பதினொன்றுக்கு எல்லோரும் அதன் கையைக் குலுக்குவார்கள். இரண்டு கைகளாலும் பிடித்து, சூடாக.

குரல் தெளிவாகத்தான் வந்தது.

"போங்க."

கர்னல் தலையை ஒருமுறை அசைத்தார். பிறகு தூரிகையை எடுத்து, குதிரையின் மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

பத்து மணிக்கு அவர் மண்டபத்தில் எழுந்து, மாநிலம் அழைத்தால் மறுக்கும் பழக்கம் தனக்கில்லை என்று சொன்னார். பெல்ஃபீல்ட் வந்திருந்தான். வராமல் இருந்தால் தோல்வி தாங்கமாட்டாதவன் என்று பேசுவார்கள். கைதட்ட வேண்டிய இடங்களில் கைதட்டினான். ஒவ்வொரு தட்டலுக்கும் அவன் தாடை இறுகுவதும், கழுத்துப்பட்டிக்கு மேலே சிவப்பு ஏறுவதும், மனைவி ஏதோ சொன்னபோது கேட்காதவன்போல் நேரே வெறித்ததும், டாபின் ஒன்றையும் விடவில்லை. கர்னல் பேசி முடித்து உட்காரும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கர்னலின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.